பட்டறை இடம் போகிறது, இயந்திரங்களை எப்படி விற்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில் பதினாறு வருடம் தச்சுப் பட்டறை நடத்தினேன். கட்டடக்காரர் இடத்தை விற்றுவிட்டார். எனக்கு மூன்று மாதத் தவணை கிடைத்தது. பிளேனர் (பலகையின் முகத்தை மட்டமாக்குவது), திக்னசர் (பலகையை ஒரே தடிப்பாகச் சீவுவது), பேண்ட்சோ (நாடாவாள்), வட்டவாள், கடைசல் இயந்திரம் (மரத்தைச் சுழற்றிக் கடைவது) என்று ஐந்து இருந்தன. நான்கை விற்றேன். அவற்றில் மூன்றை ஓரளவு புத்தியோடும் ஒன்றை மடத்தனமாகவும் விற்றேன்.

அதன் பிறகு இடம் இழந்த தச்சு பாஸ்மார் (மேஸ்திரிமார்) ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை மலைச்சரிவுகளை உடைத்துப்போட்ட பிறகு அழைப்புகள் இன்னும் கூடின. எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இடத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். முதல் வேலையாக எதைச் செய்ய வேண்டும்?

எதைச் செய்யக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். மின்சாரக் கட்டணம் ஏறுகிறதே என்று இணைப்பைத் துண்டிக்க அவசரப்படாதீர்கள். கடைசி இயந்திரம் லொறியில் ஏறும் வரை பட்டறையில் மின்சாரம் இருக்க வேண்டும்.

என் திக்னசரை வாங்கக் கம்பளையிலிருந்து வந்தவர், கக்கத்தில் ஒரு பலாப் பலகையை இடுக்கிக்கொண்டு வந்தார். பேச்சு அதிகம் இல்லை. பலகையை இரண்டு முறை உள்ளே விட்டு எடுத்தார். உள்ளங்கையால் தடவினார். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் விலையே கேட்டார். நான் சொன்னதில் ஐயாயிரம் குறைத்தார், அவ்வளவுதான். பேண்ட்சோவை நான் விற்றது மின்சாரம் வெட்டிய பிறகு. வந்தவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டார் எரிந்திருக்கும் போலிருக்கிறதே" என்றார். எரியவில்லை என்று காட்ட எனக்கு வழி இல்லை. கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று.

எல்லாவற்றையும் விற்றுவிடவா? லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒன்றிரண்டை அங்கே வைத்துக்கொள்ளலாமா?

வைப்பதற்கு இடம் இருப்பதும் வேலை செய்வதற்கு இடம் இருப்பதும் வேறு வேறு. ஆறடிப் பலகையை பிளேனரில் விட முன்னால் ஆறடி, பின்னால் ஆறடி வேண்டும். லயத்தில் அடுத்த காம்பராவுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். தூசியையும் சத்தத்தையும் அந்த வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? ஏழு பேர்ச் சிறு காணியில் தனி வீடு உள்ளவர்களுக்கும் இதே கதைதான், சுவர் மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

இன்னொன்று, மழை. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை விடாது. தகரக் கூரையின் கீழ் படங்கு போர்த்தி வைத்த வார்ப்பிரும்பு மேசை ஒரே பருவத்தில் துருவேறிவிடும். கைக்கருவிகளையும், ஒரு ஆள் தூக்கக்கூடிய சிறு இயந்திரங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாததை விற்றுவிடுங்கள்.

2018இல் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கு வாங்கினேன். அதில் பாதி கேட்டால் நியாயம்தானே?

நியாயம் இல்லை, உங்களுக்கு நட்டம். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. பின்பு சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. இறக்குமதி இயந்திரத்தின் விலை அதோடு சேர்ந்து ஏறிவிட்டது. இன்று அதே அளவில் புதியது என்ன விலை என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

நன்றாக ஓடும், உதிரிப்பாகம் கிடைக்கும் இயந்திரத்துக்கு இன்றைய புது விலையில் பாதிக்குச் சற்று மேலே தொடங்குவது என் வழக்கம். பெயர் தெரியாத தயாரிப்பு, உதிரிப்பாகம் தேட வேண்டியது என்றால் பாதிக்குக் கீழே. ஓடாதது என்றால் மோட்டாருக்கும் இரும்புக்கும் மட்டுமே விலை.

விளம்பரத்தில் "நல்ல நிலையில் உள்ளது" என்று போட்டேன். ஒருவரும் வரவில்லை. ஏன்?

எல்லோரும் அதைத்தானே போடுகிறார்கள்! வாங்குபவருக்கு வேண்டியது நான்கைந்து விபரம்: எத்தனை அங்குல அகலம், எத்தனை குதிரைவலு, சிங்கிள் பேஸா (ஒருமுனை மின்சாரம்) திரீ பேஸா (மும்முனை மின்சாரம்), பிளேடு எத்தனை, லொறி வாசல் வரை வருமா. மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்து, எழுத்து தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பத்துப் பேர் கேட்கும் கேள்விக்கு அந்த ஒரு படம் பதில் சொல்லிவிடும்.

காலையில் முதன்முதலாகச் சுவிட்ச் போடுவதிலிருந்து ஒரு பலகை வெட்டி முடிவது வரை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்து அனுப்புங்கள். பாட்டுச் சேர்க்காதீர்கள். பேரிங் சத்தம் கேட்கத்தான் அதைப் பார்க்கிறார்கள்.

என்னுடையது திரீ பேஸ். வருகிறவர்கள் வீட்டில் எல்லாம் சிங்கிள் பேஸ். விற்கவே முடியாதா ஐயா?

முடியும். மோட்டார் தகட்டைப் பாருங்கள். அதில் 230/400 வோல்ட் என்று இருந்து, வலுவும் 3 குதிரைவலுவுக்குள் இருந்தால், சிங்கிள் பேஸ் மின்சாரத்தை வாங்கி திரீ பேஸாகக் கொடுக்கும் இன்வேட்டர் ஒன்றைப் பூட்டி ஓட்டலாம். மோட்டாரின் உள் இணைப்பை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள் இவை) மாற்ற வேண்டும். மின்வேலை தெரிந்தவருக்கு அது பெட்டியைத் திறந்து மூன்று தகட்டுத் துண்டுகளை இடம் மாற்றும் வேலை. தகட்டில் 400/690 என்று இருந்தால் இந்த வழி சரிவராது.

5 குதிரைவலு, அதற்கு மேல் என்றால் வாங்குபவர் திரீ பேஸ் இணைப்பு எடுப்பதே நல்லது. தோட்டத்து மின்கம்பியின் கடைசி முனையில் இருக்கும் வீட்டில், மாலை ஆறு மணிக்கு மின்விளக்கே மங்குகிற இடத்தில், பெரிய சிங்கிள் பேஸ் மோட்டாரைப் போட்டால் அது உறுமிக்கொண்டு நிற்கும், சுற்றாது. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாளில் "மெஷின் பழுது" என்று உங்களுக்கே அழைப்பு வரும்.

திரீ பேஸ் இயந்திரம் புது இடத்தில் தலைகீழாகச் சுற்றினாலும் அதே அழைப்பு வரும். மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

ஜப்பானில் இருந்து வந்த பழைய பிளேனர். 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அதைச் சொல்லி விற்க வேண்டுமா?

சொல்லாமல் விற்றால் வாங்கியவர் நம் 230 வோல்ட்டில் நேரே சொருகுவார், புகை வரும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், தொழிற்சாலைத் திரீ பேஸ் 200 வோல்ட். நீங்கள் பாவித்த ட்ரான்ஸ்போமரையும் சேர்த்தே விற்றுவிடுங்கள். தனியே வைத்திருந்து உங்களுக்கு என்ன பயன்?

ஒரு நுணுக்கமும் இருக்கிறது. ஜப்பானின் கிழக்குப் பாதி 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பாதி 60 ஹேர்ட்ஸ். நமது நாடு 50. தகட்டில் 60 மட்டும் இருந்தால், கார்பன் பிரஷ் இல்லாத பெரிய மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சூடும் கூடும். கார்பன் பிரஷ் உள்ள சிறு இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தோட்டத் தொழிற்சாலையில் ஏலத்தில் எடுத்த பழைய இங்கிலாந்து மெஷின். பழைய இரும்புக்காரர் கிலோ விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடவா?

தயவுசெய்து ஒரு மாதம் பொறுங்கள். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் முகப்பைத் துடைத்து, வார்ப்பில் புடைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். வாட்கின் என்றிருந்தால் அது 1897இல் லெஸ்டர் நகரத்தில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. மரவேலை தெரிந்தவர்கள் அந்தப் பெயருக்காகவே மலை ஏறி வருவார்கள். பித்தளைத் தகட்டில் இயந்திர இலக்கம் இருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றி நினைவுக்கு வைத்துக்கொள்ளும் ஆசை சிலருக்கு வரும். கழற்றினால் இயந்திரத்தின் அடையாளமே போய்விடும்.

இதன் போல்ட்டுகள் விட்வேர்த் என்ற பழைய ஆங்கில அங்குல அளவில் இருக்கும். மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கும். மழுங்கிய போல்ட் தலைகள் இருக்கும் இயந்திரத்தைப் பார்த்ததும் வருகிறவர் விலையை மனத்துக்குள் குறைத்துவிடுவார். பொருத்தமான ஸ்பேனர் உங்களிடம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

துருப்பிடித்துவிட்டது. பெயின்ட் அடித்தால் விலை ஏறுமா?

இறங்கும். பழைய இயந்திரத்தில் புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் விடயம் தெரிந்தவர் வெடிப்பைத் தேடத் தொடங்குவார். மேசையில் இருக்கும் மேல்துருவை எண்ணெய் தொட்ட மெல்லிய எமரித் தாளால் ஒரே திசையில் தேய்த்து எடுத்து, மெழுகு பூசினால் போதும். உள்ளே அடைந்திருக்கும் மரத்தூளைச் சுத்தமாக வாரி எடுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வளர்ப்பது அதுதான்.

குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா அண்ணா? நான் வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லவில்லையே.

என் வட்டவாளின் தண்டில் லேசான ஆட்டம் இருந்தது. வந்தவரிடம் சொன்னேன். அவர் பேரிங் விலையைக் கழித்துக்கொண்டு வாங்கிப்போனார். இரண்டு மாதம் கழித்துத் தன் மைத்துனரை என்னிடம் அனுப்பினார். பிளேனர் போனது அந்த மைத்துனருக்குத்தான். மலையகத்தில் யாருக்கு விற்றாலும் அவர் யாரோ ஒருவருடைய சம்பந்தியாக, அல்லது ஒரே கோயில் திருவிழாவுக்கு வருகிறவராகத்தான் இருப்பார்.

காப்பு மூடி இல்லாதது, வாளுக்குப் பின்னால் நிற்கும் பிளவுக்கத்தி இல்லாதது, நிறுத்தும் பொத்தான் வேலை செய்யாதது ஆகியவை விலை சம்பந்தப்பட்ட குறைகள் அல்ல, விரல் சம்பந்தப்பட்டவை. இவற்றை வாயால் சொன்னது போதாது, விற்பனைத் தாளில் எழுதுங்கள்.

அந்த விற்பனைத் தாள் என்றால் என்ன? சட்டத்தரணியிடம் போக வேண்டுமா?

தேவையில்லை. ஒரு பக்கம் போதும். இயந்திரத்தின் பெயர், இலக்கம், விலை, திகதி, இருவருடைய அடையாள அட்டை இலக்கம், தெரிந்த குறைகள், "ஓட்டிப் பார்த்து, உள்ளபடியே பெற்றுக்கொண்டேன்" என்ற வரி. வாங்குபவர் சிங்களம் பேசுபவர் என்றால் சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதி இரண்டிலும் கையொப்பம் வாங்குங்கள். புரியாத மொழியில் போட்ட கையொப்பம் பிறகு வழக்காக வரும்.

மொரட்டுவையிலிருந்து ஒருவர் ஐந்தையும் ஒரே லொறியில் எடுக்கிறேன் என்கிறார். விலை குறைவு, ஆனால் தலைவலி இல்லையே?

உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு வாரம்தான் என்றால் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மாதம் இருந்தால் தனித்தனியே விற்கலாம். ஆனால் நல்லதை முதலில் விற்றுவிட்டால் மீதியைப் பிறகு யாரும் மொத்தமாக எடுக்க மாட்டார்கள். "திக்னசர் வேண்டுமென்றால் அந்தக் கடைசலையும் எடுங்கள்" என்று பேசத் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியவில்லை.

நீங்கள் காலி செய்ய வேண்டிய திகதியை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்ட மாத்திரத்தில், அந்தத் திகதிக்கு முதல் நாள் வரை காத்திருப்பார்கள்.

முற்பணம் கொடுத்தவர் வரவில்லை. வேறு ஒருவர் முழுப்பணத்தோடு நிற்கிறார். யாருக்குக் கொடுப்பது?

முற்பணம் வாங்கும் அன்றே "இந்தத் திகதிக்குள் எடுக்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்பேன், முற்பணத்தில் இவ்வளவு கழித்துத் திருப்பித் தருவேன்" என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வராது. எழுதவில்லை என்றால் முதலாமவரை அழைத்து இரண்டு நாள் கொடுங்கள். அதற்குள் வராவிட்டால் முழு முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவருக்கு விற்றுவிடுங்கள்.

காசோலை என்றால் பணம் கணக்கில் சேர்ந்த பிறகுதான் லொறி வர வேண்டும். வங்கிப் பரிமாற்றம் என்றால் அவர் காட்டும் கைத்தொலைபேசித் திரையை நம்பாமல் உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள்.

ஏற்றும்போது உடைந்தால் யார் பொறுப்பு?

தாளில் எழுதிக்கொண்டதுதான் பதில். "பட்டறை வாசல் வரை என் பொறுப்பு, வாசலைத் தாண்டினால் உங்கள் பொறுப்பு" என்று நான் எழுதினேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகள் பாதி, பாதையிலிருந்து பதினைந்து படி கீழே இருக்கும். லொறி வராது. செயின் புளொக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி), இரும்புக் குழாய் உருளைகள், ஆறு ஆட்கள் வேண்டும். இந்தச் செலவை விலை பேசும்போதே பேசி முடியுங்கள்.

பிளேனரை அதன் மேசையைப் பிடித்துத் தூக்காதீர்கள், மட்டம் போய்விடும். திக்னசரின் வெட்டுத்தலைக்கும் மேசைக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து இறுக்குங்கள். பேண்ட்சோவின் வாளைத் தளர்த்திக் கழற்றி மூன்று வளையமாக மடித்துக் கட்டுங்கள். எல்லாமே தலை கனத்தவை. கினிகத்தேனை இறக்கத்திலோ கடுகண்ணாவை வளைவிலோ ஒரு பிரேக் அடித்தால் சாய்ந்துவிடும். நான்கு பக்கமும் கயிறு வேண்டும், அடியில் மரச்சட்டம் வேண்டும்.

மீதிப் பலகைகளையும் சேர்த்து விற்றுவிடலாமா?

சேர்த்து விற்கலாம், சேர்த்து ஏற்றாதீர்கள். மரம் கொண்டுசெல்வதற்கு வனத் துறையின் அனுமதிப்பத்திரம் தேவைப்படும் வகைகள் உண்டு. வீதியில் மறித்தால் பலகையோடு லொறியும் இயந்திரமும் நிற்கும். வாங்கிய பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுத்து, பிரதேச வன அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பலகையைத் தனிப் பயணமாக அனுப்புங்கள். விறகுத் துண்டுகளை அயல் வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். பதினாறு வருடம் சத்தத்தைப் பொறுத்தவர்கள் அவர்கள்.

வாங்குபவர் பட்டறை அனுமதிப்பத்திரத்தையும் சேர்த்துக் கேட்கிறார்.

உள்ளூராட்சி சபையின் வியாபார அனுமதிப்பத்திரமும் சுற்றாடல் அனுமதிப்பத்திரமும் இயந்திரத்தோடு கைமாறுவதில்லை. அவர் தன் இடத்துக்குத் தானே எடுக்க வேண்டும். நீங்கள் மூடிவிட்டதாகச் சபைக்கு எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

லீசிங் (தவணைக் குத்தகை) இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. சொல்லாமல் விற்றுவிட்டு மாதாமாதம் கட்டிக்கொண்டே போனால் என்ன?

கட்டி முடியும் வரை அந்த இயந்திரம் உங்களுடையது அல்ல. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் அதன் உரிமை குத்தகைக் கொம்பனியிடம் இருக்கிறது; உங்களிடம் இருப்பது பாவிக்கும் உரிமை மட்டுமே. இல்லாததை விற்றால் வழக்கு உங்கள்மேல் வரும், இயந்திரம் வாங்கியவரிடமிருந்து போகும். கொம்பனியிடம் முன்கூட்டித் தீர்க்கும் தொகையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாங்குபவர் அந்தத் தொகையை நேரே கொம்பனிக்குக் கட்டி, மீதியை உங்களுக்குத் தரலாம்.

வாடகை பாக்கி என்று கட்டடக்காரர் பட்டறையைப் பூட்டிவிட்டார். மெஷின் எல்லாம் உள்ளே. பூட்டை உடைக்கலாமா தம்பி?

வேண்டாம் ஐயா. உடைத்த நிமிடத்தில் நியாயம் அவர் பக்கம் போய்விடும். இயந்திரங்களின் பட்டியல், இலக்கம், வாங்கிய பற்றுச்சீட்டு, பழைய படங்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள். பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாட்டுப் பதிவு போடுங்கள். பிறகு, பிணக்கைச் சமரசமாகத் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபைகள் அவை. அங்கே சட்டத்தரணி இல்லாமல் நேரில் பேச வேண்டும்.

பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும். அவருக்கு வேண்டியது பாக்கி. உங்களுக்கு வேண்டியது திறந்த கதவு. "ஒரு நாள் திறந்து விடுங்கள், வாங்குபவர் உங்கள் முன்னிலையிலேயே பாக்கியை எண்ணி வைப்பார்" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த இருவர் இப்படித்தான் வெளியே எடுத்தார்கள். பேசியதை எழுதிக்கொள்ள மறக்காதீர்கள்.

அப்பா வாங்கியது. விற்கலாம் என்று நான் சொல்கிறேன், தங்கச்சி வேண்டாம் என்று அழுகிறாள். என்ன செய்ய?

அப்பா எழுத்து எதுவும் வைக்காமல் போயிருந்தால் அதில் தங்கைக்கும் அம்மாவுக்கும் பங்கு உண்டு. அவர்கள் கையொப்பம் இல்லாமல் விற்பனைத் தாள் எழுதாதீர்கள். அழுகையை நாள் குறைக்கும், கையொப்பம் இல்லாத குறையை நாள் குறைக்காது. வாங்கப்போகிறவரைத் தங்கை ஒருமுறை பார்க்கட்டும். யாரோ இரும்புக்காரருக்குப் போகிறது என்று நினைத்து மறுப்பவர்கள், பிழைக்கிற ஒரு பையனுக்குப் போகிறது என்றால் சில வேளை ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விற்றுவிடுங்கள்.

ஐந்தில் நான்கை விற்றேன் என்கிறீர்கள். ஐந்தாவது எங்கே?

கடைசல் இயந்திரம். நோர்வூட்டில் மச்சான் வீட்டு மாடிப்படியின் கீழ் இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாததை விற்றுவிடுங்கள் என்று மேலே எழுதினேன் அல்லவா, இதை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். மாதம் ஒருமுறை போய் எண்ணெய் போடுகிறேன், அக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு "இதை எப்போது எடுக்கப்போகிறாய்?" என்று கேட்கிறார். அதன் மோட்டாரை மட்டும் விற்றுவிட்டேன். பூண்டுலோயாவில் ஒரு மா அரைக்கும் ஆலையில் ஓடிக்கொண்டிருக்கிறது.